ஊவாக் காற்றில் கருகிய சோளமும் கருகாத இறுங்கும்: இலை மெழுகு பற்றிக் கேட்டவருக்கு

கேள்வியை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஊவா மாகாணத்து வெலிமடைப் பக்கம், லயத்துக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் ஏப்ரலில் சோளம் (மக்காச்சோளம்) போட்டீர்கள். ஜூலைக் காற்று வந்ததும் இலை ஓரமெல்லாம் கருகி, பொத்தியில் பாதிக்கு மேல் மணி பிடிக்கவில்லை. அதே நிலத்தின் வேலியோரம், கிளிநொச்சி உறவினர் தந்த விதையில் முளைத்த பத்துப் பன்னிரண்டு இறுங்குச் செடிகள் (தமிழ்நாட்டில் சோளம் என்பது இதைத்தான்) மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் நின்றன. அவற்றின் தண்டிலும் இலை மடலிலும் விபூதி தடவியதுபோல வெள்ளைப் பொடி. அது மெழுகு, அதுதான் வறட்சியைத் தாங்குகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இலைமேல் மெழுகுப் படலம் போடும் தெளிப்பு மருந்து ஒன்றைக் கடைக்காரரும் காட்டியிருக்கிறார். வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே, அந்த இறுங்கிலிருந்து விதை பிடித்து வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இலை மெழுகு எப்படி வேலை செய்கிறது என்று தலைப்புப் போட்டிருந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு என்று படுகிறது. அந்த வெள்ளைப் பொடிதான் இறுங்கைக் காப்பாற்றியதா? அப்படியானால் அதை உங்கள் சோளத்துக்கும் கொண்டுவர வழி உண்டா?

நான் ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். பேராதனையில் விவசாயம் படித்தேன். அதன் பிறகு வேலைக்காலத்தின் பெரும்பகுதி தானியப் பயிர்களின் இலை எவ்வளவு தண்ணீரை இழக்கிறது என்று அளப்பதிலேயே போனது. உங்கள் நிலத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் ஊவாக் காற்று எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுருக்கமாகச் சொன்னால், மெழுகு உதவும். பகல் முழுக்க அல்ல, சில மணி நேரங்களில் மட்டும். அதுவும் கண்ணுக்குத் தெரியும் பொடி செய்யும் வேலை கொஞ்சம்தான், தெரியாத பகுதி செய்வதே அதிகம். தெளிப்பு மருந்துக்கு எடுத்து வைத்த காசு உங்களிடமே இருக்கட்டும். காரணம் கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

இலையின் மேற்றோல் உயிருள்ள கலங்களால் ஆனது. அதற்கு மேலே உயிரில்லாத ஒரு போர்வை இருக்கிறது. பாடப்புத்தகம் அதைப் புறத்தோல் என்று சொல்லும். தானியப் பயிர்களில் அதன் தடிப்பு பெரும்பாலும் ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைவு. ஒரு தலைமயிரின் குறுக்களவில் எழுபது எண்பது புறத்தோல்களை அடுக்கலாம். இந்தப் போர்வையில் இரண்டு பொருட்கள் உண்டு. ஒன்று கியூட்டின். வலை மாதிரிப் பின்னிக்கிடக்கும் ஒருவகைப் பல்பகுதியம் அது, போர்வைக்கு உடம்பைக் கொடுக்கிறது. மற்றது மெழுகு. அந்த வலையின் இடுக்குகளில் ஊறிக்கிடப்பது ஒரு பங்கு, வலைக்கு மேலே வெளியே வந்து தகடாகவும் குழலாகவும் இழையாகவும் படிந்து நிற்பது இன்னொரு பங்கு. உங்கள் இறுங்கில் கையில் ஒட்டிய பொடி இந்த இரண்டாவது பங்கு. வேதியியலில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. இருபதிலிருந்து முப்பத்து நாலு வரை காபன் அணுக்கள் கோர்த்த நீளச் சங்கிலிகள்தான் பெரும்பாலும். சாமியறையில் ஏற்றும் மெழுகுதிரியின் பரபின் மெழுகும் கிட்டத்தட்ட இதே குடும்பம். கார் மினுக்கும் கர்னோபா மெழுகு பிரேசிலில் ஒரு பனை வகையின் இலையைக் காயவைத்துத் தட்டி எடுப்பது. இலை மெழுகு அந்த அளவுக்குத் திரளக்கூடிய பொருள்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். இலை தண்ணீரை இழக்க இரண்டு வழி உண்டு. இலைவாய், அதாவது இலையில் திறந்து மூடும் நுண்துளைகள், வழியே போவது பெரிய வழி. இலைவாய் திறந்திருக்கும் பகலில், போகும் தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூறிலிருந்து தொண்ணூற்றைந்து பங்கு அந்த வழியாகத்தான் போகிறது. மீதி புறத்தோலை ஊடுருவிக் கசிகிறது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். மெழுகு கூடினால் நீரிழப்பு பாதியாகும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாசல் கதவு திறந்து கிடக்கும்போது ஓட்டில் உள்ள ஓட்டையை அடைத்து என்ன பயன்? இலைவாய் திறந்திருக்கும்வரை மெழுகுக்குப் பெரிய வேலை இல்லை. மண்ணில் ஈரம் குறைந்து, அப்சிசிக் அமிலம் என்ற ஓமோன் மூலம் செய்தி போய், செடி வாயை மூடிக்கொண்ட பிறகுதான் அதன் முறை வருகிறது. அந்த நேரத்தில் மிச்சமிருக்கும் ஒரே கசிவு புறத்தோல் கசிவு. அதன் வேகத்தைப் பொறுத்துத்தான் செடி அடுத்த மழைவரை நிற்குமா, இரண்டு நாளில் சாயுமா என்பது அமையும். இரவும் அப்படித்தான். இரவில் இலைவாய் பெரும்பாலும் மூடியிருக்கும், ஆனால் காற்று உலர்ந்திருந்தால் கசிவு நிற்காது.

ஊவாவின் சங்கதியே இதுதான். மே மாதத்திலிருந்து தென்மேல் பருவக்காற்று மழையை எல்லாம் வட்டவளை, ஹட்டன், நுவரெலியாப் பக்கச் சரிவில் கொட்டிவிட்டு, மலைமுகட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்குகிறது. இறங்கும்போது சூடேறி இன்னும் உலர்கிறது. ஜூலை தொடங்கிச் செப்டெம்பர்வரை அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி வாசம் வருகிறது. கொழுந்து குறைவாக வரும், ஏல விலை கூடுதலாக வரும். தேயிலைக்குப் பெயர் வாங்கித் தரும் அதே காற்றுத்தான் உங்கள் சோளத்தைக் கருக்கியது. உலர்ந்த காற்று இலையைச் சுற்றியுள்ள ஈரக் காற்றுப் படலத்தை அடித்துக்கொண்டு போய்விடும். இராப்பகலாக இழுக்கும். அது மட்டுமல்ல, காற்றில் ஓர் இலை இன்னோர் இலையோடு உரசும்போது மெழுகே தேய்ந்து, புறத்தோலில் கீறல் விழுகிறது. இலை ஓரமும் நுனியும் முதலில் கருகுவதற்கு இந்த உரசலும் ஒரு காரணம்.

சரி, அந்த வெள்ளைப் பொடிக்கு வருகிறேன். 1970களில் ஜெர்மனியில் யோர்க் ஷோன்ஹெர் என்ற ஆய்வாளர் இலையின் புறத்தோலைத் தனியே உரித்தெடுத்து, அதன் வழியே தண்ணீர் ஊடுருவும் வேகத்தை அளந்தார். பிறகு கரைப்பானில் மெழுகைக் கழுவிவிட்டு மறுபடி அளந்தார். வேகம் சில நூறு மடங்கு கூடியது. கியூட்டின் அப்படியே இருந்தது, மெழுகு மட்டும்தான் இல்லை. ஆகவே தண்ணீரை மறிப்பது மெழுகு என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் எந்த மெழுகு? பின்னர் பல செடிகளில் மேலே உள்ள மெழுகை மட்டும் பசை கொண்டு உரித்துவிட்டுப் பார்த்தார்கள். பலவற்றில் கசிவு பெரிதாக மாறவில்லை. வலைக்குள் ஊறிக்கிடக்கும், கண்ணுக்குத் தெரியாத மெழுகுதான் பெரும்பங்கு வேலையைச் செய்கிறது. எல்லாச் செடியிலும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது, சிலவற்றில் இரண்டுக்கும் பங்கு உண்டு. இன்னொன்று, அளவைவிட அடுக்கு முக்கியம். நேரான நீளச் சங்கிலிகள் நெருக்கமாகப் படிகம்போல் அடுக்கியிருந்தால் கொஞ்ச மெழுகே போதும். வளையமுள்ள மூலக்கூறுகள் நடுவே புகுந்து அடுக்கைக் குலைத்தால், நிறைய மெழுகு இருந்தும் ஒழுகும். அதனால் வெள்ளையாகத் தெரிகிற செடி எல்லாம் வறட்சி தாங்கும் என்று கணக்குப் போட முடியாது.

அப்படியானால் மேலே உள்ள பொடி சும்மாவா என்றால், இல்லை. அது வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது, புற ஊதாக் கதிரையும் சேர்த்து. இலை கொஞ்சம் குளிர்கிறது. கோதுமையில் அளந்த வித்தியாசம் ஒரு பாகை செல்சியசுக்கும் குறைவு. சின்ன எண்தான், ஆனால் வாயை மூடிய இலைக்கு வேறு குளிர்ச்சி கிடையாது. அப்புறம், தண்ணீரை ஒட்டவிடாது. தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் காலங்காலமாகச் சொல்வதன் காரணத்தை நுணுக்குக்காட்டியில் காட்டி, 1997இல் பார்த்லொட், நைன்ஹியூஸ் என்ற இருவர் விரிவாக எழுதினார்கள். மெழுகுப் படிகங்களின் நுனியில் துளி உருண்டு நிற்கிறது, ஓடும்போது தூசியையும் பங்கசு வித்தியையும் சேர்த்துக்கொண்டு ஓடுகிறது. நுவரெலியாக்காரருக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. கோவா இலையில் மருந்து அடித்தால் முத்து முத்தாக உருண்டு விழும், லீக்சிலும் அப்படியே. கரும்புக் கணுவுக்குக் கீழே வெள்ளை வளையமாக இருப்பதும் இதே சரக்குத்தான்.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். படிக்கும் காலத்தில் இலை மெழுகை அளக்க, இலையைக் குளோரோபோமில் முக்கி எடுத்து, கரைந்ததை உலர்த்தி நிறுப்போம். பத்து, இருபது வினாடி போதும். நான் ஒரு மாதிரி விடாமல் ஒரு நிமிடத்துக்கு மேல் ஊறவைத்தேன். எண்கள் அருமையாக வந்தன. நாட்டுரக நெல்லொன்றில் எவரும் கண்டிராத அளவு மெழுகு என்று மூன்று கிழமை தலைகால் புரியாமல் திரிந்தேன். கரைசல் லேசான பச்சையாக இருந்ததை ஆய்வுகூட உதவியாளர்தான் சுட்டிக்காட்டினார். மெழுகுக்கு ஏது பச்சை? கலத்துக்குள் இருந்த கொழுப்பும் பச்சையமும் சேர்ந்து கரைந்து வந்திருந்தன. ஆறு மாத வேலையை மறுபடி செய்தேன். இன்றைக்கும் யாராவது மெழுகு அளவைப் பெரிய எண்ணாகச் சொன்னால், எத்தனை வினாடி முக்கினீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி.

பயிர் பயிராகப் பார்த்தால் வித்தியாசம் பெரிது. தானியங்களில் மெழுகுக்குப் பேர்போனது இறுங்குதான். அதன் மடலில் வெளிவரும் இழைகளில் இருபத்தெட்டும் முப்பதும் காபன் கொண்ட கொழுப்பமிலங்கள் அதிகம். இந்தப் பொடி இல்லாத விகாரிகளை, அதாவது மரபணு மாறிய செடிகளை, ஆய்வாளர்கள் உண்டாக்கிப் பார்த்திருக்கிறார்கள். சில விகாரிகளில் புறத்தோலும் மெலிந்து, நீராவி கூடுதலாகக் கசிந்தது, இலைக்கருகல் பங்கசும் எளிதாகப் பிடித்தது. ஆனால் அதே பொடியில்லாத செடிகளை ஒருவகைப் பச்சை அசுவுணி அவ்வளவாக விரும்பவில்லை. எதற்கும் ஒரு விலை உண்டு போலிருக்கிறது. சோளத்தில் கதை வேறு. முளைத்து வரும் முதல் ஐந்தாறு இலைகளில்தான் மெழுகுப் படிகங்கள் நிறைய. தண்ணீர் தெளித்தால் உருண்டு ஓடும். அதற்கு மேல் வரும் இலைகள் பளபளப்பாக, தண்ணீர் படர்கிற மாதிரி இருக்கும். அதாவது பூ வருகிற நேரத்தில் வெயிலுக்கு முகம் கொடுக்கும் இலைகளில் அந்தப் பொடி கிடையாது. இது சோளத்தின் இயல்பு, உங்கள் விதையின் குறை இல்லை. நெல் இன்னும் சுவாரசியம். நெல்லிலையில் தண்ணீர் நிற்கவே நிற்காது, அந்தளவுக்கு மேற்பரப்பில் மெழுகுப் படிகம். வெள்ளத்தில் மூழ்கினால்கூட இலையைச் சுற்றி மெல்லிய காற்றுப் படலம் பிடித்து வைத்து மூச்சு விடுகிறது. ஆனால் மொத்த மெழுகு குறைவு, கசிவு சோளத்தையும் இறுங்கையும்விடக் கூடுதல். தண்ணீரை ஒட்டவிடாததும் தண்ணீரை உள்ளே பிடித்து வைப்பதும் வேறு வேறு வேலைகள் என்பதற்கு நெல்லைவிட நல்ல சாட்சி இல்லை.

பார்லியில்தான் மெழுகு மரபியல் நன்றாகத் தோண்டப்பட்டது. சுவீடனில் உட்டா லுண்ட்குவிஸ்ட் என்ற அம்மையார் பல பத்து வருடங்கள் பராமரித்த விகாரித் தொகுப்பில், மெழுகு மாறிய பார்லிகள் மட்டும் ஆயிரத்துக்கு மேல் உண்டு. எழுபதுக்கு மேற்பட்ட மரபணு இடங்கள் இதில் சம்பந்தப்படுகின்றன. ஒரு திருகைத் திருப்பி மெழுகைக் கூட்டலாம் என்று யாராவது சொன்னால் இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பாலைவனக் காட்டுப் பார்லி ஒன்றில் கியூட்டினே சரியாக அமையாத விகாரி கிடைத்தது. அதன் இலையை வெட்டி வைத்தால் கண்முன்னே வாடும். மெழுகு ஊறி நிற்க ஒரு வலை வேண்டும், வலை இல்லாவிட்டால் மெழுகு என்ன செய்யும்?

இதுவரை சொன்னது உறுதியானது. விளைச்சல் என்று வந்தால் நிலம் கொஞ்சம் வழுக்கும். கோதுமையில் மெழுகால் சாம்பல் பூத்த வகை, பூக்காத வகை என்று இரண்டு உண்டு. சாம்பலுக்குக் காரணம் பீற்றா-டைகீற்றோன் என்ற மெழுகுக் கூறு. அவுஸ்திரேலியாவில் மழையை மட்டும் நம்பிய வரண்ட வயல்களில் சாம்பல் பூத்த வகைகள் கூடுதல் விளைச்சல் தந்திருக்கின்றன. ஆனால் மழை உள்ள பிரித்தானியாவில், காட்டுக் கோதுமையிலிருந்து சாம்பல் பூக்காத தன்மையைப் பெற்ற ஷாம்ரொக் என்ற வகையின் வழியில் வந்த செடிகளில், சாம்பல் இல்லாதவைதான் இலை அதிக நாள் பச்சையாக நின்று நன்றாக விளைந்தன. ஒளி குறைவான இடத்தில் வெயிலைத் திருப்பி அனுப்புவது நட்டம் என்று ஒரு விளக்கம் உண்டு. பக்கத்தில் ஒட்டியிருக்கும் வேறு மரபணுவின் வேலையாகவும் இருக்கலாம். பாதி நாள் மூடுபனிக்குள் கிடக்கும் நம் மலைக்கு இது யோசிக்க வேண்டிய சங்கதி. நானு ஓயாவில் நல்லது வெலிமடையில் நல்லதாக இருக்க வேண்டியதில்லை, வெலிமடையில் நல்லது மொனராகலையில் நல்லதாகவும் இருக்க வேண்டியதில்லை.

இன்னோர் எச்சரிக்கைக் கதை. 2004இல் ஷைன் என்று பெயரிட்ட மரபணு ஒன்றை அரபிடொப்சிஸ் என்ற ஆய்வுகூடச் செடியில் அதிகமாக வேலை செய்ய வைத்தார்கள். இலை பளபளவென்று ஆயிற்று, மெழுகு கூடியது, செடி வறட்சியையும் தாங்கியது. மெழுகுதான் காரணம் என்று எழுதியிருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் அந்தச் செடிகளில் இலைவாய்களின் எண்ணிக்கையும் குறைந்திருந்தது, புறத்தோல் உண்மையில் கூடுதலாகக் கசிந்தது. உங்கள் வேலியோர இறுங்கைப் பற்றியும் இதைத்தான் சொல்வேன். இறுங்கின் வேர் ஆழமாகவும் அடர்த்தியாகவும் போகும். இலை சுருண்டு வெயிலுக்குக் காட்டும் பரப்பைக் குறைக்கும். கலத்துக்குள் உப்பும் சீனியும் சேர்த்துத் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் இல்லையென்றால் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கும், மழை கண்டதும் மறுபடி தொடரும். சோளம் அப்படி இல்லை. ஆண்பூ விரிந்து பட்டு நூல் வெளிவரும் அந்த இரண்டு மூன்று கிழமையில் தண்ணீர் தட்டினால், நூல் தாமதமாக வரும், மகரந்தம் அதற்குள் முடிந்துவிடும், பொத்தி பல்லு விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும். பிறகு மழை கொட்டினாலும் பயன் இல்லை. வேலியோரத்தில் பத்துச் செடிக்குள் போட்டியும் குறைவு என்பதையும் மறக்க வேண்டாம். ஆகவே இறுங்கைக் காப்பாற்றியதில் மெழுகுக்கு ஒரு பங்கு உண்டு, அநேகமாக முதல் பங்கு இல்லை.

கடைக்காரர் காட்டிய தெளிப்பு முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். படலம் போடும் பொருட்கள் உண்மையில் ஆவியுயிர்ப்பைக் குறைக்கும். பிரச்சினை என்னவென்றால், அவை இலைவாயையும் சேர்த்தே மூடுகின்றன. தண்ணீர் வெளியே போகாத வாசலில் காபனீரொட்சைட்டு மட்டும் எப்படி உள்ளே வரும்? ஒளித்தொகுப்புக் குறையும், இலை சூடேறும். சோளம் சில நாளுக்கொரு புது இலை விடும், அதில் படலம் இருக்காது. இங்கிலாந்தில் ஹார்ப்பர் அடம்ஸில் கோதுமையில் செய்த சோதனைகளில், வறட்சி உள்ளபோது கதிர் உருவாகும் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் மட்டும் தெளித்தால் பயன் தெரிந்திருக்கிறது. அந்தக் கட்டம் தப்பினால் பயன் இல்லாமலும் போகலாம். துண்டு நிலத்துச் சோளத்துக்கு இது கட்டுப்படியாகாது. மெழுகைக் கூட்டும் வழியைத் தேடுகிறவர்கள் பலர், இருக்கும் மெழுகைக் கரைப்பதை நிறுத்துங்கள் என்றால் காதில் விழாது. மருந்து இலையில் ஒட்டட்டும் என்று பாத்திரம் கழுவும் திரவத்தையோ சவர்க்காரக் கரைசலையோ தாராளமாகக் கலக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. ஒட்டும், உண்மைதான். கையோடு மெழுகின் அடுக்கையும் குலைக்கும். எண்ணெய் கலந்த தெளிப்பும் அப்படியே. என் அப்பாவின் கோவாப் பாத்தியில் நானே இதைச் செய்து, நீலச் சாம்பலாக இருந்த இலையைப் பளபளப்புப் பச்சையாக்கி, அடுத்த கிழமை வெயிலில் ஓரம் கருகிப் பார்த்தவள். ஒட்டுத் திரவம் தேவையென்றால் மருந்துப் போத்தலில் சொன்ன அளவோடு நிறுத்துங்கள், காற்றுக் காலத்தில் கூட்டாதீர்கள்.

செடி தானாக மெழுகைக் கூட்டுமா என்றால், கூட்டும். மெல்ல மெல்லத் தண்ணீர் குறையும்போது அதே அப்சிசிக் அமிலம் மெழுகு செய்யும் மரபணுக்களையும் எழுப்புகிறது. ஆனால் புல்லினச் செடிகளில் இலை அடியிலிருந்து வளர்கிறது, மெழுகின் பெரும்பகுதி இலை மடலுக்குள் இருந்து வெளியே வருவதற்குள் போடப்பட்டுவிடுகிறது. விரிந்து முடிந்த இலையில் பெரிய திருத்தம் செய்ய முடியாது. அதனால் ஜூன்வரை தினமும் தண்ணீர் ஊற்றி, யூரியாவும் அள்ளிப் போட்டு, சதசதவென்று வளர்த்த பயிரை ஜூலைக் காற்றில் திடீரென்று விட்டால் அது தாங்காது. நிழலில் வளர்த்த தேயிலைக் கன்றை நாற்றுமேடையில் கூரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கிப் பழக்கிய பிறகுதானே மலைக்குக் கொண்டுபோகிறோம்? அதே நியாயம்தான். பயிர் முழங்கால் உயரம் வரும் முன்பே தண்ணீரை இடைவெளி விட்டு, ஊற்றும்போது ஆழமாக நனையும்படி ஊற்றுங்கள். வேரும் கீழே போகும், அடுத்து வரும் இலைகளும் தயாராக வரும்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் மாற்றுவது விதைக்கும் நாளைத்தான். ஏப்ரலில் போட்ட சோளம் மலைக் குளிரில் மெதுவாக வளர்ந்து, சரியாக ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் பட்டு நூல் விடுகிறது. அதைவிட மோசமான நாள் பார்க்க முடியாது. ஒக்டோபர் மழையோடு பெரும்போகத்தில் போட்டால், பூக்கிற காலம் ஊவாவுக்கு மழை தரும் வடகீழ்ப் பருவத்துக்குள் விழும். காற்றுப் பக்கம் வேலியை அடர்த்தியாக்குங்கள். மானாப்புல் அல்லது கௌத்தமாலாப் புல் இரண்டு வரிசை போதும், இலை உரசலும் குறையும், வெட்டிப் போட்டு மண்ணை மூடவும் உதவும். மண்ணை மூடி வைத்துச் சேமிக்கும் தண்ணீருக்கு முன்னால் மெழுகு சேமிப்பது சில்லறை.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். காலையில் சோளத்திலும் இறுங்கிலும் ஒரே வயதுள்ள ஐந்தைந்து இலைகளை வெட்டி, வெட்டுவாயில் மெழுகுதிரியைச் சொட்டி அடையுங்கள். காற்றில்லாத இருட்டறையில் கொடியில் தொங்கவிடுங்கள். முதல் ஒரு மணி நேர எடையைக் கணக்கில் எடுக்காதீர்கள், இலைவாய் மூடுவதற்கு அந்த நேரம். அதன் பிறகு மணிக்கொரு தரம் நிறுங்கள். சமையல் தராசு போதாது, பவுன் நிறுக்கிற மாதிரிச் சின்ன இலத்திரனியல் தராசு வேண்டும். இலையைக் கட்டக் கொப்பித் தாளில் வைத்து வரைந்து பரப்பையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஒரே பரப்புக்கு எது வேகமாக எடை குறைகிறதோ அதன் புறத்தோல்தான் கூடுதலாக ஒழுகுகிறது. இரண்டு வகைச் சோள விதைக்குள் ஒன்றைத் தேர்வதற்கும் இந்த முறையை நம்பலாம். இலையின் வெள்ளையைப் பார்த்துத் தேர்வதைவிட நூறு மடங்கு மேல்.

விதை பிடிப்பது பற்றி. கலப்பினச் சோளத்தில் பிடித்துப் பயன் இல்லை, அடுத்த தலைமுறை ஒன்றுபோல் வராது. இறுங்கு பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே கருக்கட்டும், ஊர்விதையென்றால் தாராளமாகப் பிடிக்கலாம். கதிர் பால் பிடிக்கும்போதே கடதாசிப் பை போட்டுக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் குருவிக்குத்தான். மாடு வளர்க்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வளர்த்தால் இதைக் கவனியுங்கள்: வறட்சியில் வாடிய இளம் இறுங்கிலும், வெட்டிய பிறகு தளிர்க்கும் மறுதாம்பிலும் சயனைட்டு நஞ்சு உண்டாகும். மழைக்குப் பிறகு வரும் பசுந்தளிர் பார்க்க ஆசையாக இருக்கும். இடுப்பளவு உயரம் வரும்வரை அதை மாட்டுக்குப் போடாதீர்கள், அவிழ்த்துவிட்ட மாடு அந்த வேலியோரம் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.